குருவிக்காக விளக்கை அணைத்த ஊர்!

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் ஒரு நாள் மாலை தெருவிளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்?

"ஏன் இன்னும் விளக்குப் போடவில்லை?" என்று நாலு பேர் சத்தம் போடுவார்கள். எந்த ஊரிலும் இதுதான் வழக்கம்.

ஆனால், பக்கத்து மாவட்டமான சிவகங்கையில் ஓர் ஊர் ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. மின்சாரம் இல்லாமல் அல்ல. ஊர் மக்களே விளக்கை அணைத்து வைத்தார்கள்!

யாருக்காக? ஒரு சின்னஞ்சிறு குருவிக்காக!

பெட்டிக்குள் கூடு

அந்த ஊரின் பெயர் பொத்தகுடி. அங்கே சுமார் 100 குடும்பங்கள் உண்டு. தெருவிளக்குகள் சுமார் 35. எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்சு பெட்டி.

2020-ம் ஆண்டு, கொரோனா ஊரடங்குக் காலம். மாலையில் விளக்குப் போடும் இளைஞர், பெட்டிக்குள் ஒரு குருவி போய் வருவதைக் கண்டார். வைக்கோலும் குச்சியும் சேர்த்து அது கூடு கட்டியிருந்தது. சில நாளில் உள்ளே நீலமும் பச்சையும் கலந்த முட்டைகள்!

சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். தொடாவிட்டால் ஊர் இருட்டு. என்ன செய்வது?

ஊர் கூடியது

இளைஞர் கூட்டைப் படம் பிடித்து, ஊராரின் வாட்ஸ்அப்பில் போட்டார். "ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் கிடப்பதா?" என்று சிலர் முதலில் தயங்கினார்கள். அது நியாயமான கேள்விதான். கிராமத்து இருட்டில் பூச்சி பொட்டுப் பயம் உண்டு. வயதானவர்களும் குழந்தைகளும் நடக்க வேண்டும்.

ஆனாலும், முடிவில் ஊர் ஒத்துக்கொண்டது. ஊராட்சியும் சம்மதித்தது. விளக்குகள் அணைந்தன.

முட்டை பொரிந்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. அதுவரை தெரு இருட்டாகவே இருந்தது!

நம் தெருவிலும் உண்டு

குருவி ஏன் மின்பெட்டியைத் தேடி வருகிறது? அந்தக் காலத்து ஓட்டு வீட்டில் சந்து இருந்தது, இறவாரம் இருந்தது. குருவி அங்கே குடியிருந்தது. இன்றைய கான்கிரீட் வீட்டில் அதற்கு இடம் ஏது? மழை படாத பொந்து எங்கே கிடைத்தாலும் நுழைந்துவிடுகிறது.

குளத்தூர் தெருவிலும் கடை போர்டுக்குப் பின்னால், சுவர் ஓட்டையில், ஒரு கூடு இருக்கலாம். நாள்தோறும் அதைக் கடந்துதான் போகிறோம். நிமிர்ந்து பார்ப்பதில்லை!

கண்டால் கூட்டைத் தொட வேண்டாம். மின்பெட்டியில் கை வைக்கவே கூடாது. மின்வாரியத்தாரிடம் சொல்ல வேண்டும்.

பொத்தகுடியில் ஓர் இளைஞர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அதனால் ஒரு குருவிக் குடும்பம் பிழைத்தது!