சும்மா கிடக்கும் கார்டுக்கும் சந்தா

வாளையாரைத் தாண்டினால் பெயர்ப் பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும். ஆனாலும் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலும், இடுக்கியின் மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் காதில் விழுவது தமிழ். கிரெடிட் கார்டு பில் மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. அதில் ஒற்றை வரியாகப் பதுங்கியிருப்பது ஆண்டுக் கட்டணம்.

இதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. அந்தந்த வங்கியே நிர்ணயிக்கிறது. பரிசுப் புள்ளிகள், விமான நிலைய ஓய்வறை என்று சலுகைகள் கூடக்கூடக் கட்டணமும் ஏறும். 500 ரூபாய் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 590. 'முதல் வருடம் இலவசம்' என்பது வழக்கமான தூண்டில். இரண்டாம் வருடம் கார்டைத் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் தொகை பில்லில் ஏறிவிடும். கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் சேரும்; கடன் தகவல் நிறுவனத்தின் பதிவிலும் கறை விழலாம். நாளை ஏலத்தோட்டத்துக்குக் கடன் கேட்டுப் போகும் விவசாயிக்கு அந்தச் சில நூறு ரூபாய் குறுக்கே நிற்கும்.

'வருடத்துக்கு ஒரு லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி' என்பது இன்னொரு வகை. 60,000 ரூபாய்தான் தேவை என்பவர், 590 ரூபாயை மிச்சம் பிடிக்க மேலும் 40,000 செலவழித்தால் லாபம் யாருக்கு? ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடமிருந்து வங்கிக்குக் கமிஷன் உண்டு.

ரிசர்வ் வங்கி 2022இல் வகுத்த விதிகள் வாடிக்கையாளருக்குச் சில ஆயுதங்களைத் தந்தன. கட்டணத்தை மாற்ற ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். பிடிக்காதவர் செலவில்லாமல் கார்டைத் திருப்பித் தரலாம். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு அபராதம். கேட்காத கார்டைத் தலையில் கட்டிக் கட்டணம் வசூலித்தால், அதைத் திருப்பித் தருவதோடு இரு மடங்கு தண்டமும் உண்டு.

நிபந்தனைகள் 'கூடியவரை' ஆங்கிலம், இந்தி, வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. சிக்கல் இங்கேதான். கேரளத்தில் வட்டார மொழி என்றால் வங்கிக்கு மலையாளம். எல்லையோரத் தமிழர் இரண்டுக்கும் நடுவே.

ஆனால் புகார் செய்ய மொழி தடையல்ல. வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால், அல்லது பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம், கட்டணம் கிடையாது. சண்டிகரிலுள்ள மையம் எந்த மொழிக் கடிதத்தையும் ஏற்கிறது. தமிழில் கையெழுத்துப் போட்டு கார்டு வாங்கியவர், தமிழிலேயே கணக்கும் கேட்கலாம்.