யாரும் எழுதாத ‘ஒன்று’

காருக்குள் இன்ஜின், பிரேக், ஏர்பேக் ஆகியவற்றின் கணினிகள் பேசிக்கொள்வதற்கு முறுக்கிய இரண்டு கம்பிகள் போதும். ‘கேன் பஸ்’ எனப்படும் இந்த ஏற்பாட்டை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986இல் அமெரிக்காவின் டெட்ராய்டில் அறிமுகப்படுத்தியது. கணினி சொல்லும் 0, 1 இரண்டையும் கம்பியில் மின்னழுத்தமாக்குவதும், கம்பியில் வருவதைப் படித்துச் சொல்வதும் டிரான்சீவர் என்ற சிறு சிப்பின் வேலை.

இந்தச் சிப்பை வாங்காமலேயே எல்டிஸ்பைஸ் போன்ற இலவச மின்சுற்று மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு சுவிட்சுகளை வரையுங்கள். ஒன்று 5 வோல்ட்டிலிருந்து ‘ஹை’ கம்பிக்கு. மற்றது ‘லோ’ கம்பியிலிருந்து கிரவுண்டுக்கு. ஒவ்வொன்றுடனும் 45 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. கம்பிகளின் இரு முனைகளிலும் ஹைக்கும் லோவுக்கும் இடையே 120 ஓம். பக்க இணைப்பில் அவை 60 ஓம் ஆகும். சுவிட்சுகளை மூடினால் சுமார் 33 மில்லி ஆம்பியர் ஓடும். ஹை 3.5 வோல்ட், லோ 1.5 வோல்ட், வித்தியாசம் 2 வோல்ட். இது 0. சுவிட்சுகளைத் திறந்தால் வித்தியாசம் மறைந்துவிடும். அது 1.

ஆக, சிப் எழுதுவது 0 மட்டுமே. கம்பியை 1க்குத் திருப்புவது முனையில் இருக்கும் ரெசிஸ்டர்கள்தான்.

திரையிலேயே அவற்றை நீக்கிப் பாருங்கள். கம்பியின் மின்தேக்கம் 2 நானோஃபாரட், மற்ற சிப்களின் உள்தடை மொத்தம் 3 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் எதிர்முனை அதை நிச்சயமாக 1 என்று படிக்கும். இறங்க 13 மைக்ரோ விநாடிக்கு மேல் பிடிக்கிறது. விநாடிக்கு 5 லட்சம் பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரமோ 2 மைக்ரோ விநாடிதான். அனுப்பிய 1 போய்ச் சேர்வதே இல்லை.

பிறகு ஏன் 1ஐயும் சிப்பே எழுதக் கூடாது? இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், ஒன்றின் 0உம் மற்றதன் 1உம் கம்பியில் மல்லுக்கு நிற்கும். இப்போதோ 0 சத்தமில்லாமல் வெல்கிறது. 1 அனுப்பிய கணினி, கம்பியில் 0 இருப்பதைக் கண்டு ஒதுங்கிக்கொள்கிறது. வென்ற செய்தியில் ஒரு பிட்கூடச் சிதைவதில்லை. செய்தியின் தொடக்கத்தில் வரும் அடையாள எண் சிறியதானால் அதற்கு முன்னுரிமை கிடைப்பது இப்படித்தான்.

கேன் பஸ் பழுதைத் தேடும் மெக்கானிக் பேட்டரியைக் கழற்றிவிட்டு, முதலில் இரு கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டரை வைப்பதும் முனை ரெசிஸ்டர்களே 1ஐத் தருவதால்தான். 60 ஓம் காட்டினால் நல்லது. 120 என்றால், ஒரு முனையின் ரெசிஸ்டர் இணைப்பில் இல்லை.