முன்பின் தெரியாதவர்களோடு ஒரு காலை: பறவை பார்க்கப் போவோமா?

கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு அதிகாலை, கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்காவின் வாசலில் தயங்கி நின்றேன். பறவை பார்க்கும் சிலர் அங்கு வருவார்கள், யாரும் சேர்ந்துகொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரில் எனக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. தமிழ் பேசுபவரும் இல்லை.

திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். வெட்கம் மட்டும் காரணமல்ல. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் நம்மில் பலருக்கு இந்தத் தயக்கம் பழகிவிட்டது. பாராளுமன்றத்துக்கு அருகிலுள்ள ஓர் இடத்தில், தாடி வைத்த ஒருவன் பைனாகுலரோடு புதரோரம் நின்றால் என்ன நினைப்பார்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தனது பைனாகுலரைக் கழற்றி என் கையில் தந்தார். "மல்லி, மேக்க பலன்ன" (தம்பி, இதைப் பாருங்கள்) என்றார். அவ்வளவுதான் அறிமுகம். பெயர் என்ன, எந்த ஊர் என்ற கேள்விகள் ஒரு மணித்தியாலம் கழித்தே வந்தன.

இந்தப் பொழுதுபோக்கின் சிறப்பே அதுதான். மேசையில் எதிரெதிரே அமர்ந்தால் பேச விடயம் தேட வேண்டும். இங்கே எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே திசையில் பார்க்கிறோம். நீலத் தாழைக்கோழியைக் காட்டியவரின் அரசியல் என்ன என்று யாரும் கேட்பதில்லை. புதியவரும் இங்கே சுமையல்ல. பத்துக் கண்களைவிடப் பன்னிரண்டு கண்கள் அதிகம் காணும்.

திடீரென்று புதருக்குள் இருந்து இரட்டை விசில் போல ஒரு சத்தம். எல்லோரும் அசையாமல் நின்றோம். காய்ந்த இலைகளுக்கிடையே பல நிறங்கள் கொண்ட சிறு பறவையொன்று தத்திச் சென்றது. "அவிச்சியா" என்றார் ஆசிரியர். தமிழில் அதை ஆறுமணிக்குருவி என்பார்கள், காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவுவதால் வந்த பெயர் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இளைஞர் ஒருவர் உடனே தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். எதுவும் தெரியாமல் போன நானும் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் குருவியும் வந்து போகும் விருந்தாளிதான். இந்தியாவில், இமயமலை அடிவாரம் வரை இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருகிறது. ஏப்ரல், மே மாதமளவில் திரும்பிவிடும். மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் இலங்கை இருப்பதால் இப்படிப் பல பறவைகள் நம்மைத் தேடி வருகின்றன. ஈரநிலங்களுக்காக 2018இல் ராம்சார் அங்கீகாரம் பெற்ற உலகின் முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று.

தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. பெத்தகானவிலும் தலவத்துகொட தியசரு பூங்காவிலும் சிறு கட்டணமே. தலங்கம குளக்கரை வீதியோரத்தில் நின்றும் பார்க்கலாம். பைனாகுலர் வாங்குவதாயின் 8x42 என்று குறித்தது போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். ஆனால் முதல் நாளே வாங்க வேண்டாம், இரவல் கிடைக்கும். மங்கிய நிற உடை, தொப்பி, தண்ணீர்ப் போத்தல் போதும். கூடுகளை நெருங்காதீர்கள், பறவையை அழைக்கக் கைத்தொலைபேசியில் அதன் குரலை ஒலிக்க விடாதீர்கள்.

வழிகாட்டலுக்கு, 1976இல் தொடங்கப்பட்ட இலங்கை களப் பறவையியல் குழு கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்குகிறது. கண்டதைப் பதிவுசெய்ய 'ஈபேர்ட்' என்ற இலவசச் செயலி இருக்கிறது.

ஒரு காலை நேர நடை நாட்டின் காயங்களை ஆற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் போகாத இடத்தில் நம்மைப் பற்றி மற்றவர்களே பேசுவார்கள். அடுத்த ஞாயிறு என் மகளையும் கூட்டிச் சென்றேன். ஆசிரியர் அவளுக்காகவே பைனாகுலரின் வாரைக் குட்டையாக்கி வைத்திருந்தார்.