மாதிரி எஞ்சினுக்கு அளவு தேடுவது எப்படி?

ரயில் நிலையத்தை அடுத்த யார்டில் பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் கொடுக்கும் எஞ்சினை நம் ரயில்வே ஊழியர்கள் ‘ஷண்டிங் எஞ்சின்’ என்பார்கள். அமெரிக்காவில் அதற்குப் பெயர் ‘ஸ்விட்சர்’. அத்தகைய நீராவி எஞ்சின் ஒன்றைப் பித்தளைத் தகட்டில் சிறு மாதிரியாகச் செய்ய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் அசல் எஞ்சினின் அளவுகள் வேண்டும். கிடைத்த அளவு சரிதானா என்று எப்படி அறிவது? தவறான அளவில் வெட்டிய தகடு வீண்தானே!

ஓர் உண்மை எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரின்போது, 1917 டிசம்பரில், அமெரிக்க அரசு அந்நாட்டு ரயில்வேக்களைத் தன் பொறுப்பில் ஏற்றது. அதற்கென அமைந்த நிர்வாகம் 12 வகை எஞ்சின்களைத் தர வடிவங்களாக வகுத்தது. அவற்றுள் ஒன்று 0-6-0 ஸ்விட்சர்; 255 எஞ்சின்கள் கட்டப்பட்டன. முன்னே சிறு சக்கரம் இல்லை, நடுவே இயக்கு சக்கரங்கள் ஆறு, பின்னேயும் சிறு சக்கரம் இல்லை என்பதே 0-6-0 என்பதன் பொருள். எஞ்சினின் முழு எடையும் இயக்கு சக்கரங்களின் மேலேயே அழுந்துகிறது.

அதன் அளவுகள் இவை: உருளையின் விட்டம் 21 அங்குலம், பிஸ்டன் வீச்சு 28 அங்குலம், சக்கர விட்டம் 51 அங்குலம், கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 190 பவுண்டு, டெண்டர் நீங்கலாக எடை சுமார் 1,64,000 பவுண்டு, இழுவிசை 39,100 பவுண்டு.

இந்த எண்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். உருளை விட்டத்தின் வர்க்கத்தை வீச்சாலும் அழுத்தத்தாலும் பெருக்கி, சக்கர விட்டத்தால் வகுங்கள். உருளையை அடையும் நீராவியின் அழுத்தம் சற்றுக் குறைவதால் 0.85 ஆல் பெருக்குங்கள். விடை 39,102. கணக்கு ஒத்துவிட்டது!

அச்சுப் பிழையால் ஒரு நூலில் 21 என்பது 24 ஆகிவிட்டதாகக் கொள்வோம். இழுவிசை 51,000 பவுண்டுக்கு மேல் போய்விடும். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தைப் பற்றுவது உராய்வினால் மட்டுமே. எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கு மேல் இழுக்க முயன்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். 51,000 என்பதோ எடையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. அப்படிப்பட்ட எஞ்சினை யார் கட்டுவார்கள்? பிழை தானே வெளிப்பட்டுவிடுகிறது.

ஆனால் புகைபோக்கியின் உயரமும் ஓட்டுநர் அறையின் நீளமும் இந்தச் சூத்திரத்தில் வருவதில்லை. அவற்றுக்கு வரைபடம் வேண்டும். அது கிடைக்காதபோது பக்கவாட்டுப் புகைப்படம். படத்தில் சக்கரத்தை அளந்து, அதை 51 அங்குலம் எனக் கொண்டு மற்றவற்றைக் கணக்கிடலாம். எளிதுதான், ஆனால் இரண்டு பொறிகள் உண்டு. 30 அடி தள்ளி நின்று எடுத்த படத்தில், சக்கரத்தைவிட இரண்டரை அடி உள்ளே தள்ளி நிற்கும் புகைபோக்கி நூற்றுக்கு எட்டுப் பங்கு சிறுத்துத் தெரியும். மற்றொன்று தேய்மானம். சக்கரத்தின் மேலுள்ள எஃகு வளையம் தேயத் தேய, பட்டறையில் அதைக் கடைந்து சீராக்குவார்கள். 51 அங்குலச் சக்கரம் 49 ஆகிவிட்டால், 10 அடி நீளம் உங்கள் கணக்கில் 10 அடி 5 அங்குலமாகிவிடும்.

ஆகவே, தொழிற்சாலையை விட்டு வெளிவரும் முன் எடுத்த படமே அளவெடுக்கச் சிறந்தது. அதன் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; நுணுக்கங்கள் தெளிவாகத் தெரிவதற்காகப் படம் எடுக்கும்போது எஞ்சினுக்குச் சாம்பல் வண்ணம் பூசுவது வழக்கமாக இருந்தது.

இன்னொரு சிக்கல். எஞ்சின் பல ஆண்டுகள் உழைக்கிறது. அதற்குள் விளக்கு மாறும், டெண்டர் மாறும். ஓட்டுநர் பின்னால் பார்ப்பதற்கு வசதியாக, பின்பக்கம் சரிந்த டெண்டரைச் சில ரயில்வேக்கள் விரும்பின. 1919-ஆம் ஆண்டுக் கொதிகலனையும் 1945-ஆம் ஆண்டு டெண்டரையும் இணைத்தால், உலகில் இல்லாத எஞ்சின் ஒன்று பிறக்கும். முதலில் ஓர் எஞ்சின் எண்ணையும் ஓர் ஆண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அந்த ஆண்டுப் படங்களை மட்டும் தேடுங்கள்.

இனிச் சுருக்க வேண்டியதுதான். 87-ல் ஒரு பங்கு என்றால் 1,435 மி.மீ. இருப்புப்பாதை அகலம் 16.5 மி.மீ. ஆகும், சக்கர விட்டம் 14.9 மி.மீ. ஒரே இடத்தில் மட்டும் உண்மையை விட்டுக்கொடுக்க நேரும். சக்கரம் தடம் புரளாமல் காக்கும் உள்விளிம்பு அசலில் சுமார் 1 அங்குலம், சுருக்கினால் 0.3 மி.மீ. மாதிரித் தண்டவாளத்தில் அது போதாது என்பதால் ஏறக்குறைய இருமடங்காக வைக்கிறார்கள். அதனால் அடுத்தடுத்த சக்கரங்கள் உரசினால், அச்சுகளின் இடைவெளியைத் தொடாதீர்கள். சக்கர விட்டத்தையே இம்மியளவு குறையுங்கள்.