மின்பலகைக்கு முன்னே ஒரு மீட்டர்

கடன் தொடர்பாக வாடிக்கையாளர்களின் கடைகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் செல்லும்போது, மெயின் சுவிட்ச் உள்ள மின்பலகை எங்கே என்று கேட்பதை அண்மைக் காலமாக வழக்கமாக்கிக் கொண்டுள்ளோம். பல இடங்களில் அது அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது.

குறை கூற எங்களுக்குத் தகுதி குறைவே. எங்கள் கிளை ஒன்றில், வாடிக்கையாளர்களுக்கென வந்திறங்கிய நாட்காட்டிக் கட்டுகள் மின்பலகையின் முன்னேதான் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு பிற்பகல் ஏ.சி.யின் மின்கம்பி கருகிப் புகை கிளம்பியது. மெயின் சுவிட்சை அணைக்க ஓடிய அலுவலக உதவியாளர், முதலில் அக்கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப்போட வேண்டியதாயிற்று. நல்லவேளையாக எவருக்கும் தீங்கில்லை. ஒரு மேசையும் சில கோப்புகளும் கருகின.

அதன் பின்னரே விதிகளை எடுத்துப் படித்தோம். மத்திய மின்சார ஆணையம் 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட, அதாவது மும்முனை இணைப்புள்ள சுவிட்ச்போர்டின் முன்னே குறைந்தது ஒரு மீட்டர் அகலத்திற்கு வெற்றிடம் வேண்டும் என்றன. பலகையின் பின்புறத்தில் மூடப்படாத இணைப்புகள் இருந்தால், அங்குள்ள இடைவெளி 20 சென்டிமீட்டருக்குக் குறைவாகவோ 75 சென்டிமீட்டருக்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். இது விந்தையாகத் தோன்றலாம். 20-க்குக் குறைந்தால் எவரும் உள்ளே நுழைய இயலாது. 75-ஐத் தாண்டினால் தடையின்றிப் போய்வரலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் உடலை நுழைத்தவர்தான் மின்சாரத்தில் சிக்குவார்.

இந்தி அல்லது ஆங்கிலத்திலும், அந்த மாவட்டத்தின் மொழியிலும், மண்டையோட்டுக் குறியுடன் அபாய அறிவிப்பு வேண்டும் என்பதும் விதியே. ஆனால் ‘அபாயம்’ என்னும் சொல் தொடாதே என்கிறதே தவிர, இங்கே சரக்கை வைக்காதே என்று சொல்வதில்லை. அதற்குத் தனி அறிவிப்பு தேவை. எங்கள் கிளையில் ‘இங்கே எதையும் வைக்காதீர், ஒரு மீட்டர் இடம் விடுக’ என்று எழுதி ஒட்டினோம். மூட்டை இறக்க வருபவர் வேறு மாநிலத்தவராகவும் இருக்கலாம் என்பதால் படமும் சேர்த்தோம்.

சுவரில் ஒட்டிய அறிவிப்பை முதல் பெட்டியே மறைத்துவிடும். தரையில் மஞ்சள் வண்ணத்தில் கட்டம் வரைந்த பிறகே பலன் தெரிந்தது. கட்டத்திற்குள் பெட்டி வைத்தவரை மற்றவர்களே தடுத்தனர்.

இவ்வாண்டு நாட்காட்டிகள் மேலாளர் அறையில் அடுக்கப்பட்டன. அவர் தம் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார்.