இயற்பியல் எடுத்தவர்களுக்கு – 6: டார்க் ரூமில் மூன்று மணி நேரம்

பி.எஸ்சி. பிராக்டிக்கல் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாகப் போகிற இடத்திலெல்லாம் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஸ்பெக்ட்ரோமீட்டரில் எதற்கு இரண்டு வெர்னியர்? மாணவர் அட்டவணையை அழகாகக் கோடு போட்டு வைத்திருப்பார். வெர்னியர் ஒன்று, வெர்னியர் இரண்டு, வித்தியாசம், சராசரி எல்லாம் கட்டத்துக்குள் இருக்கும். "சராசரி எடுக்கிறதுக்கு, சார்" என்பார். எதற்குச் சராசரி என்றால் பேச்சு நின்றுவிடும்.

விஷயம் சின்னதுதான். அளவு பொறித்த வட்டத்தின் மையமும், தொலைநோக்கி சுழலுகிற அச்சும் துல்லியமாக ஒரே இடத்தில் அமைவதில்லை. மயிரிழை தள்ளித்தான் இருக்கும். அதனால் ஒரு வெர்னியர் கோணத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டினால், நேர் எதிரே 180 பாகையில் இருக்கிற மற்றொன்று அதே அளவு குறைத்துக் காட்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பிழை அடிபட்டுப் போகும். கருவி கோணலாக இருந்தாலும் நேரான விடையை வாங்க முடியும் என்று காட்டுகிற ஏற்பாடு அது. மூன்று வருடம் அந்தக் கருவியைத் தொட்டவருக்கு இதை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

சென்ற வாரம் கல்லூரித் தேர்வு பற்றிப் பார்த்தோம். ஐசரில் இடம் கிடைக்கவில்லை, பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேர்ந்தாயிற்று, இனி இயற்பியலில் பெரிதாக என்ன செய்துவிட முடியும் என்று சோர்ந்திருப்பவர்களுக்குத்தான் இந்த வாரம். உங்கள் கல்லூரியில் நல்ல நூலகம் இல்லாமல் இருக்கலாம். துறையில் பாதி இடம் காலியாக இருக்கலாம். ஆனால் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரும் சோடியம் விளக்கும் அனேகமாக இருக்கும். அதை வைத்து என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

மாநிலக் கல்லூரியில் சி.வி. ராமன் மாணவராக இருந்தபோது முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். இன்றைக்கும் நம் பிள்ளைகள் செய்கிற அதே சோதனைதான். கோலிமேட்டரிலிருந்து வரும் ஒளி முப்பட்டகத்தின் இரு முகங்களிலும் பட்டுத் திரும்பும். தொலைநோக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி ரீடிங் எடுத்து, வித்தியாசத்தில் பாதி எடுத்தால் கோணம். 60 பாகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நம் ஆட்கள் டார்க் ரூமை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். ராமன் வரவில்லை. முகத்தில் ஒளி மிகச் சாய்வாக விழும்போது, பிம்பத்தின் இருபுறமும் மெல்லிய பட்டைகள் தெரிவதையும், அவை ஒருபுறம் அகன்றும் மறுபுறம் நெருங்கியும் இருப்பதையும் கவனித்தார். பாடப்புத்தகத்துப் பட்டைகள் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். இவை ஏன் அப்படி இல்லை?

சாய்வாக விழும் ஒளிக்கு முப்பட்டகத்தின் முகமே ஒரு செவ்வகத் துளை போல நடந்துகொள்கிறது. பட்டைகள் சமமாக அமைவது கோணத்தின் சைன் மதிப்பில், கோணத்தில் அல்ல. 90 பாகையை நெருங்க நெருங்க சைன் மதிப்பு மெதுவாகத்தான் ஏறும். ஆகவே தளத்தை ஒட்டிய பக்கம் பட்டைகள் விரிந்துவிடும். ப்ளஸ் டூ கணக்கு தெரிந்தவர் ஒரு மாலையில் போட்டுப் பார்த்துவிடலாம். இதைப் பற்றி ராமன் எழுதிய கட்டுரை 1906-இல் லண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் வந்தபோது அவருக்கு 18 வயது.

எல்லோரும் ராமன் ஆகிவிட முடியாது என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஆக வேண்டியதில்லை. ஆனால் ரீடிங்கை முந்தைய வருட ரெக்கார்டிலிருந்து 'அட்ஜஸ்ட்' செய்கிற பழக்கத்தையாவது முதல் செமஸ்டரிலேயே விட்டுவிடுங்கள். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவது நம் கல்லூரிகளில் ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. அதில் கைதேர்ந்தவர்கள் மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அதே ஆள் நாளைக்கு ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்தால், கருவி தப்பாகச் சொல்கிறதா, தான் தப்பாகப் படிக்கிறோமா, இயற்கையே புதிதாக ஏதோ காட்டுகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் விழிப்பார். பரிசோதனை இயற்பியல் முழுவதும் அந்தப் பிரித்துப் பார்த்தலில்தான் இருக்கிறது. ஆசிரியர்களிடமும் குறை உண்டு: 59 பாகை 20 நிமிடம் என்று நேர்மையாக எழுதிய பெண்ணைத் திட்டிவிட்டு, 60 என்று எழுதியவனைப் பாராட்டுகிறோம்.

ஆய்வகத்தில் நேரம் தருவதில்லை என்றால் வீட்டில் ஒரு தனி ஊசலைக் கட்டுங்கள். கால அளவுக்கான சூத்திரம் சிறு கோணத்துக்கு மட்டும்தான் என்று புத்தகம் ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடும். நீங்கள் 60 பாகைக்கு இழுத்து விடுங்கள். கால அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். ஒரு மீட்டர் நீள ஊசல் 10 முறை ஆடச் சிறு கோணத்தில் சுமார் 20 விநாடி. 60 பாகையில் வீச்சு குறையாமல் ஆடினால் 21.4 விநாடிக்கு மேல். செல்போன் ஸ்டாப்வாட்ச்சே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவாக இருக்கும். காற்று வீச்சைக் குறைத்துக்கொண்டே வரும். எவ்வளவு குறைவு, ஏன் என்று பைத்தானில் இருபது முப்பது வரி எழுதிக் கணக்கிடுங்கள். செய்முறை, கணிதம், கணினி மூன்றும் ஒரே நூலில் தொங்குகிற இந்த வேலைக்குச் செலவு எதுவும் இல்லை.

தேர்வுகளுக்கு வருவோம். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.களுக்குள் நுழைய 'ஜாம்' எழுத வேண்டும். வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தூங்கிவிட்டால் ஒரு வருடம் போய்விடும். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 20 கேள்விகளுக்கு விடைத்தெரிவே கிடையாது. எண்ணை நீங்களே தட்ட வேண்டும். பத்து மார்க் கேள்விக்கு 'தருவி' என்று மனப்பாடமாக நிரப்பிப் பழகிய கை இங்கே நின்றுவிடுகிறது. தருவித்தல் வேண்டாம் என்று சொல்லவில்லை. தருவித்த சூத்திரத்தில் எண்களைப் போட்டு, விடை ஒரு மீட்டரா ஒரு மைக்ரோமீட்டரா என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பிரிஜ்லால்–சுப்ரமணியம் புத்தகம் செமஸ்டர் தேர்வுக்குப் போதும். அதோடு மின்னியலுக்கு கிரிஃபித்ஸ் புத்தகத்தை எடுத்து, அத்தியாயக் கடைசிக் கணக்குகளில் பாதியையாவது விடை பார்க்காமல் போடுங்கள். ஆங்கில விரிவுரை தடுமாற்றம் என்றாலும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் வி. பாலகிருஷ்ணனின் என்.பி.டி.இ.எல். வகுப்புகளை நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். காசில்லாமல் கிடைக்கிறது என்பதாலேயே அதன் மதிப்பு நமக்குத் தெரியவில்லை.

பாடத்திட்டம் எப்போதும் பின்தங்கித்தான் வரும். இதுவும் இன்று நேற்றுக் கதையல்ல. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தார். அதே மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். உங்கள் அணு அமைப்பு நூலைப் படித்துவிட்டேன் என்று சொன்ன மாணவரிடம், அந்த நூலுக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது, இப்போது ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் என்று வேறு பாதை வந்துவிட்டது என்றார் சோமர்ஃபெல்ட். உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றிய தமது கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். சந்திரசேகர் அதிலிருந்த புதிய புள்ளியியல் முறையை எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரை 1929-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. ராமனின் அண்ணன் மகன், படித்த குடும்பம், வசதி எல்லாம் அவருக்கு இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டல் கதவைத் தட்டியது அவர்தான்.

இன்றைக்கு அந்தக் கதவு தரமணியிலும் பெங்களூரிலும் உள்ள ஆய்வு நிறுவனங்களில் இருக்கிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை பார்க்கலாம். விண்ணப்பம் கோடையில் இல்லை, அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். நம் பிள்ளைகள் ஏப்ரலில்தான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

இனி வீட்டில் கேட்கிற கேள்வி: சம்பளம்? நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. உதவித்தொகை வங்கிக் கணக்குக்குத் தாமதமாக வருவதும் உண்டு. பிஎச்.டி. ஐந்தாறு வருடம். பிறகு போஸ்ட்டாக் என்று வெளிநாட்டில் சில வருடம். நிரந்தர வேலைக்கு வரும்போது முப்பதுகளின் நடுப்பகுதி வந்துவிடும். அதுவும் எல்லோருக்கும் வராது. "இன்னும் படிச்சிக்கிட்டேதான் இருக்கானா?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குகிறவர் நிலைப்பார். தெரியாமல் இறங்கியவர் நான்காம் வருடத்தில் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பேராசிரியர் வேலை ஒன்றே வழி என்றும் நினைக்க வேண்டாம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலாளர் இருந்தாக வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் கதிரியல் இயற்பியல் டிப்ளமோ அதற்கு ஒரு வழி. அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலுக்கே எம்.எஸ்சி. இருக்கிறது. நோயாளியின் உடலில் எந்த இடத்தில் எவ்வளவு கதிர் விழ வேண்டும் என்று கணக்கிடுகிற வேலை அது. அங்கே ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' செய்ய முடியாது. பாபா மையத்தின் ஓராண்டுப் பயிற்சிப் பள்ளிக்கும் இயற்பியல் எம்.எஸ்சி.யினர் போகலாம், கல்பாக்கத்திலும் அந்தப் பள்ளி நடக்கிறது. வானிலை ஆய்வுத் துறையின் உதவியாளர் பணிகளுக்கு இயற்பியல் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். இந்தப் பெயர்கள் எதுவும் நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் தென்படுவதில்லை என்பது என் மனத்தாங்கல்.

அடுத்த வாரம்: கோடை ஆய்வுக்கு ஒரு விஞ்ஞானிக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும், எதை எழுதவே கூடாது.

(தொடரும்)