சின்னத் துப்பறிவாளன் கற்ற பெரிய பாடம்

துப்பறியும் கதை என்றதும் முகஞ்சுளிக்கும் பெற்றோர் நம் யாழ்ப்பாணத்திலே என்றும் இருந்து வந்திருக்கின்றனர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்களை ஒரு தலைமுறை ஒளித்து வாசித்தது. அடுத்த தலைமுறை தமிழ்வாணனின் சங்கர்லாலைச் சரித்திரப் புத்தகத்தினுள்ளே மறைத்து வாசித்தது. 1972இலே சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதற்கும் அதே கதிதான். இன்றைய பிள்ளையோ ‘மங்கா’ எனப்படும் ஜப்பானியச் சித்திரக் கதையைக் கைத்தொலைபேசியிலே வாசிக்கின்றான். கருவி மாறியதேயன்றி, ஒளித்து வாசிக்கும் வழக்கம் மாறவில்லை.

அவன் வாசிப்பதுதான் யாதென நாமும் ஒருமுறை எட்டிப் பார்ப்போமே.

கோஷோ அவோயாமா என்னும் ஓவியர் 1994ஆம் ஆண்டிலே ஒரு வார இதழில் தொடங்கிய ‘துப்பறிவாளன் கோனன்’ இன்று நூறு தொகுதிகளையும் தாண்டி வளர்ந்துள்ளது. கதாநாயகன் ஷினிச்சி பாடசாலை மாணவன். கூரிய அறிவுடையவன், அதனினும் மிகுந்த தற்பெருமை உடையவன். பத்திரிகையில் தன் பெயரைக் கண்டு மகிழ்பவன். ஒருநாள் களியாட்டப் பூங்காவிலே கறுப்பு உடை தரித்த ஒருவனைத் தனியே பின்தொடர்கின்றான். முன்னே நின்றவனையே நோக்கியிருந்தவன், பின்னே வந்தவனைக் காணவில்லை. தலையில் அடி விழுகின்றது. வாயில் நஞ்சு புகட்டப்படுகின்றது. உயிர் போகவில்லை. ஆனால் உடல் சிறு குழந்தையின் உடலாகச் சுருங்கிவிடுகின்றது!

பெயர் என்னவென்று கேட்டபோது, நூலடுக்கிலே கண்ட இரு ஆசிரியர் பெயர்களைச் சேர்த்துச் சொல்லித் தப்புகின்றான். ஒருவர் ஆர்தர் கோனன் டாயில். மற்றவர் ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் முன்னோடியான எடோகாவா ரம்போ. அதுவும் எட்கார் அலன் போ என்ற பெயரை ஜப்பானிய நாவுக்கு இசைய மாற்றிய புனைபெயரே.

குழந்தை சொல்வதை யார் கேட்பார்? ஆதலின், மோரி கோகோரோ என்னும் துப்பறிவாளரை ஊசியால் உறங்கவைத்து, அவர் குரலிலே உண்மையை உரைக்கின்றான். புகழ் முழுவதும் அவருக்கே போகின்றது. தன் பெயர் வெளிப்படாமலே உண்மை வெளிப்பட வேண்டும் என்பது அவன் கற்ற முதற் பாடம்.

இரண்டாவது பாடம் மிகக் கொடியது. ஒரு தீவிலே தொடர்கொலைகள் நிகழ்கின்றன. ஒவ்வொரு முறையும் பீத்தோவனின் ‘நிலவொளி’ இசை கேட்கின்றது. தன் குடும்பத்தைத் தீக்கிரையாக்கியோரைப் பழிவாங்க வந்த ஒருவனே கொலையாளி என்பதைச் சிறுவன் ஐயமறக் கண்டுபிடித்துவிடுகின்றான். ஆனால் அவனோ எரியும் மண்டபத்துள் பியானோவின் முன் அமர்ந்துவிடுகின்றான். காப்பாற்ற ஓடிய சிறுவனைச் சன்னல் வழியே வெளியே எறிந்துவிட்டு, தான் தீயிலே மாய்கின்றான். கணக்குச் சரியாக முடிந்தது. உயிர் மட்டும் மிஞ்சவில்லை. குற்றவாளியை அறிவினால் மடக்கிச் சாகவிடும் துப்பறிவாளன் கொலைகாரனினும் வேறல்லன் என்று, பின்னொரு காலத்தில் தன்னையொத்த ஹெய்ஜி என்னும் இளைஞனிடம் அவன் கூறுகின்றான். வெற்றியை எண்ணித் துள்ளிய பழைய ஷினிச்சி இதைக் கூறியிருக்கமாட்டான்.

இக்கருத்து நமக்கு அந்நியமானதன்று. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகியம்மனிடம் செல்லும் நாம், பாண்டியன் கதையை மறந்தோமா? ஆராயாது கோவலனைக் கொல்வித்தான்; உண்மை தெரிந்ததும் தானும் மாண்டான். அது ஆராயாமையால் வந்த கேடு. தீவிலே நேர்ந்ததோ, ஆராய்ந்தும் வந்த கேடு. உண்மையைக் காண அறிவு வேண்டும். கண்டபின் கைக்கொள்ள இரக்கமும் வேண்டும்.

இக்கதைகளிலே கொலைகள் மலிந்துள்ளன; ஆகையால் சிறு குழந்தைகட்கு இவை ஏற்றனவல்ல. உயர்வகுப்பு மாணவர் வாசிப்பதில் தவறில்லை என்பதே நம் கருத்து.

பெற்றோர்க்கும் இப்பாடம் பொருந்தும். பிள்ளையின் பிழையைக் கண்டுபிடித்தல் எளிது. கண்டுபிடித்தபின் பிள்ளையை இழந்துவிடாதிருத்தலே அரிது. இனி அவன் கதை வாசிக்கையில் கைத்தொலைபேசியைப் பறியாது, அருகே அமர்ந்து, “குற்றவாளி யார்?” என்று கேளுங்கள். விடை வந்ததும், “அவனுக்குப் பின்பு என்ன ஆயிற்று?” என்றும் கேளுங்கள்.